கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட், எடின்பரோ

கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட், ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவின் பழைய நகரில், லான்மார்க்கெட் தெருவின் வடசிறகில் நிற்கும் ஆறடுக்குக் கல் வீடு. 1550 வாக்கில் எழுந்த ஒரு வீட்டை, தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வணிகரும் அவர் மனைவி பெஸ்ஸி கன்னிங்ஹமும் 1617-இல் வாங்கி, தெருப் பக்கமாக நீட்டிக் கட்டி, 1620-க்குள் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தனர். 1934-இல் இடிப்புப் பட்டியலில் இருந்த இந்த வீடு கடைசி நேரத்தில் விலைக்கு வாங்கப்பட்டுத் தப்பியது. இப்போது ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் உடைமை. நாட்டின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் முதல் வகுப்பான 'ஏ' பிரிவைச் சேர்ந்தது. 'லேண்ட்' என்பது அந்த ஊர் வழக்கில் பல குடித்தனங்கள் கொண்ட மாடிக் கட்டடம். இதைப் பிரபுவின் மாளிகையாக எண்ணிக்கொண்டு பார்ப்பவருக்கு இதன் அமைப்பு பாதிதான் விளங்கும். வணிகர் ஒருவர் தான் குடியிருக்கவும் மிச்சத்தைக் குடக்கூலிக்கு விடவும் கட்டிய வீடு இது. கோணலாகத் தெரியும் பல இடங்களுக்கு வாடகைக் கணக்குதான் காரணம்.

பெயரைக் கேட்டதும், நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் எவர்ட் கிளாட்ஸ்டன் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் இங்கே வாழ்ந்தவரல்லர். அவருடைய பாட்டனார் எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் தானிய வியாபாரம் செய்தவர். பிரதமர் இந்தத் தெருவுக்குச் செய்த கொடை வேறு: 18-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட சந்தைச் சிலுவை மண்டபத்தை 1885-இல் தன் செலவில் மீண்டும் எழுப்பித் தந்தார். வீட்டு முகப்பில் சிறகு விரித்துத் தொங்கும் பொன்முலாம் பூசிய பருந்து கிளெட்ஸ்டேன்ஸ் குலப்பெயரைக் குறிப்பது. கதவு எண்கள் இல்லாத காலத்துக் கடை அடையாளங்களின் பாணியில் செய்தது.

மனையும் மேடும்

எடின்பரோக் கோட்டை நிற்கும் பாறை ஒரு பழைய எரிமலையின் எச்சம். பனியாறு மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தபோது, பாறையின் மறைவில் அரிபடாமல் மிஞ்சிய மேடு ஏறத்தாழ ஒரு மைல் தூரம் சரிந்து ஹோலிரூட் அரண்மனையருகே தரையைத் தொடுகிறது. மேட்டின் முகட்டில் ஓடும் ஒரே பெருந்தெரு ராயல் மைல். கோட்டைக்குக் கீழே அதன் மேற்பகுதிதான் லான்மார்க்கெட். துணி விற்ற இடம். 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் மன்னர் இவ்வூரை வணிக நகராக்கியபோது தெருவின் இரு பக்கமும் மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தெருமுகம் ஏறத்தாழ 25 அடி; பின்பக்கம் சரிவில் இறங்கும் நீளமோ நூற்றுக்கணக்கான அடி. மனைகளுக்கு இடையிலான ஒற்றையடிச் சந்துகள் நடுத்தெருவிலிருந்து மீன்முள் போல இரு பக்கமும் இறங்கின. காலப்போக்கில் மனைகளும் பாதியாகவும் அதற்குக் குறைவாகவும் துண்டாடப்பட்டன.

1513-இல் ஃபிளாடன் போர்க்களத்தில் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் மாண்டார். ஆங்கிலேயர் படையெடுப்பார்கள் என்ற அச்சத்தில் நகரைச் சுற்றிப் புதிய மதில் எழுப்பத் தொடங்கினர். வடக்கே நோர் லாக் என்ற ஏரி. மதிலுக்கும் ஏரிக்கும் நடுவில் சிக்கிய ஊர் வேறு வழியில்லாமல் வானத்தை நோக்கி வளர்ந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. மதிலுக்குள்ளேயே சரிவுகளில் தோட்டங்களும் வெற்றிடங்களும் நெடுநாள் இருந்தன. ஆனால் அங்கே போய்க் கடை வைக்க எந்த வணிகரும் தயாராக இல்லை. சந்தை நடந்தது முகட்டுத் தெருவில். வாங்குபவர் கண்ணில் படும் 25 அடிக்குத்தான் விலை. அந்த அகலத்தைப் பெருக்க முடியாது. மிஞ்சியவை மூன்று வழிகள்: மேலே எழுப்புவது, பின்னால் நீட்டுவது, கொஞ்சம் துணிச்சல் இருந்தால் முன்னால் தெருவுக்குள் நகர்வது. கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட் மூன்றையும் செய்த வீடு.

1544 மே மாதம் ஹெர்ட்ஃபோர்டு பிரபுவின் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை எடின்பரோவைக் கொளுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் எழுந்த வீடுகளில் ஒன்றே இதன் முதல் பகுதி. அக்காலத்து வீடுகளில் உடல் கல்லால் ஆனது, முகம் மரத்தால் ஆனது. கற்சுவருக்கு முன்னால் மரச்சட்டங்களில் தாங்கிய தாழ்வாரம் ஒன்று மாடிக்கு மாடி தெருவின் மேல் நீண்டு நிற்கும். நகரத்தின் இடம் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்காரர் கைக்குப் போன வழி அது.

1617

கிளெட்ஸ்டேன்ஸ் வீட்டை வாங்கிய ஆண்டு எடின்பரோவுக்கு விசேஷமானது. 1603-இல் இங்கிலாந்தின் அரியணையும் கிடைத்ததும் லண்டனுக்குப் போய்விட்ட ஆறாம் ஜேம்ஸ் மன்னர், அதன்பின் ஒரே ஒரு முறைதான் சொந்த நாட்டுக்கு வந்தார். அது 1617-இல். அரசவை போனபின்னும் வணிகம் நின்றுவிடவில்லை. பால்டிக் கரையிலிருந்து மரமும் இரும்பும், பிரான்ஸிலிருந்து ஒயினும், நெதர்லாந்திலிருந்து துணியும் வீட்டுச் சாமான்களும் லீத் துறைமுகத்தில் இறங்கின. அந்தச் செல்வத்தை வணிகர்கள் கட்டடத்தில் போட்டார்கள். கிளாட்ஸ்டன்ஸ் லேண்டுக்குப் பின்புறச் சந்தில் உள்ள லேடி ஸ்டெயர் வீடு 1622-இல் எழுந்தது. ஒரே தலைமுறையின் கைவேலை.

புதிய உரிமையாளர் பழைய வீட்டை இடிக்கவில்லை. அதன் முன்னால் ஓர் அறையின் ஆழத்துக்கு முழுக் கல்லாலான புதுப் பகுதியைச் சேர்த்தார். 1550-இன் முகப்புச் சுவர் அதனால் வீட்டின் நடுச்சுவராகிவிட்டது. இன்று முதல் மாடியில் முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையே நடப்பவர், ஒருகாலத்தில் வெயிலும் மழையும் பட்டு நின்ற வெளிச்சுவரைக் கடக்கிறார். தெருவுக்குள் இவ்வளவு தூரம் வர நகர மன்றம் விட்டதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கீழே நடப்பவர்களுக்கு வழி விடவேண்டும். அதற்காகத்தான் தரைத்தளத்தில் வளைவு மண்டபம். மேலே அறை, கீழே பொதுவழி; மண்டபத்துக்கு உள்ளே தள்ளி, பூட்டிக்கொள்ளக்கூடிய கடை. 17-ஆம் நூற்றாண்டு எடின்பரோவில் இப்படிப் பல வீடுகள் இருந்தன. எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஸ்காட்லாந்தில் இந்த வகையை வேறெங்காவது பார்க்க விரும்புபவர் வடக்கே எல்ஜின் நகருக்குப் போகவேண்டும்; அங்கே பிராக்கோ வங்கி வீடு என்ற 1694-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் வளைவுகள் நிற்கின்றன.

முகப்பு

எதிர்ச்சிறகில் நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வளைவுகள் இரண்டும். பக்கத்தில் கல்லாலான வெளிப்படிக்கட்டு வளைந்து ஏறி முதல் மாடி வாசலுக்குப் போகிறது. அங்கிருந்து மேல்தளங்களுக்குச் சுழல்படி. கடைக்கு ஒரு வழி, குடித்தனங்களுக்கு வேறொரு வழி என்று தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். கடை பூட்டியிருந்தாலும் மாடிக்காரர் தடையின்றிப் போய்வரலாம். எல்லாரும் ஏறி இறங்கும் படி ஆகையால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். இத்தகைய வெளிப்படிகளின் அடியில் பன்றி வளர்ப்பது பழைய எடின்பரோவின் வழக்கம். குப்பையைத் தின்று தீர்க்க ஆள் வேண்டுமே.

வளைவுகளுக்கு மேல் முகப்பு முழுவதும் சதுரமாகச் செதுக்கி வரிசை பிசகாமல் அடுக்கிய மணற்கல். பணம் கண்ணில் படவேண்டிய பக்கம் இது. பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் கிடைத்த கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கரடுகல் கட்டுமானமே போதும் என்பதுதான் அக்கால வழக்கம். உச்சியில் தெருவைப் பார்த்து இரண்டு முக்கோண முகடுகள். முகடு சுவரில் இறங்கி அமரும் அடிக்கல்லில் கணவன் மனைவி இருவர் பெயரின் முதலெழுத்துகளும் வெட்டப்பட்டுள்ளன. திருமணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வது அன்றைய ஸ்காட்லாந்து வழக்கம். அதனால்தான் பெஸ்ஸியின் எழுத்து கன்னிங்ஹம் குலத்தைச் சொல்கிறது, கிளெட்ஸ்டேன்ஸை அல்ல.

சன்னல்கள் பாதிக்குப் பாதி. மேற்பாதியில் ஈயப் பட்டைகளில் பொருத்திய சிறு கண்ணாடித் துண்டுகள். அவற்றைத் திறக்க முடியாது. கீழ்ப்பாதியில் மரக்கதவு. கண்ணாடி விலை உயர்ந்த சரக்கு என்பதால் வெளிச்சத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, காற்றுக்கும் வேடிக்கைக்கும் தெருவோடு பேச்சுக்கும் மரக்கதவைத் திறந்தார்கள். இப்போது இருப்பவை அந்த முறைப்படி மீண்டும் செய்து பொருத்தியவை.

ஒரு விஷயத்தை மட்டும் முகப்பு மறைக்கிறது: இந்த வீட்டில் எந்தத் தளமும் மற்றதுபோல் இல்லை. சன்னல் வரிசைகளை நிமிர்ந்து பார்ப்பவர் ஆறு தளங்களும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைப்பார். உள்ளே 1550-இன் தரைமட்டமும் 1620-இன் தரைமட்டமும் ஒன்றோடொன்று சமரசம் செய்துகொண்டு நிற்கின்றன.

கல், மரம், வண்ணம்

எடின்பரோவைச் சுற்றிலும் மணற்கல் குவாரிகள் இருந்தன. வெட்டியவுடன் உளிக்கு இணங்கும், காற்றுப்பட்டால் இறுகும் கல். நல்ல மரம் மட்டும் உள்ளூரில் அரிது. காடுகள் எப்போதோ அழிந்துவிட்டதால் நார்வேயிலிருந்து பைன் மரம் கப்பலேறி வந்தது. அறைகளின் அகலத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் அந்த உத்திரங்களின் நீளந்தான். பக்கத்து வீடுகளோடு பொதுவான தடித்த கற்சுவர்களில் உத்திரத்தின் இரு முனைகளும் செருகப்படும். கணப்பும் புகைபோக்கியும் அதே சுவர்களுக்குள். அண்டை வீடு இடிந்தால் இந்த வீட்டின் ஒரு பக்கம் அம்மணமாகிவிடும் என்பதால், பிடிக்காத அண்டைவீட்டாரோடும் ஒத்துப்போவதைத் தவிர வேறு வழியில்லை.

தீ பற்றிய பயம் சட்டங்களாக வந்தது. 1621-ஆம் ஆண்டுச் சட்டம் எடின்பரோவில் புல்வேய்ந்த கூரைகளைத் தடுத்து, பலகைக்கல், ஓடு, ஈயத்தகடு போன்றவற்றைக் கட்டாயமாக்கியது. 1698-இல் மற்றொரு சட்டம் புதிய கட்டடங்களின் உயரத்தைத் தெருமட்டத்திலிருந்து ஐந்து அடுக்குக்கு வரையறுத்தது. கிளாட்ஸ்டன்ஸ் லேண்ட் அதற்கு எட்டு பத்தாண்டுகள் மூத்தது. அந்த வரம்பு இதைத் தொடவில்லை.

வீட்டின் மணிமகுடம் முதல் மாடியின் ஓவிய மச்சு. உத்திரங்களின் மேல் பரப்பிய பலகைகள் மேல்வீட்டுக்குத் தரை, கீழ்வீட்டுக்கு மச்சு. அந்தப் பலகைகளின் அடிப்பக்கமும் உத்திரங்களின் பக்கவாட்டும் முழுவதும் வண்ணம். பழங்கள், பூக்கள், சுருண்டு நீளும் கொடிகள், பட்டைக் கோலங்கள். நடுவில் 1620 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருந்ததால் காலத்தைப் பற்றி வாதம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காட்லாந்தின் வசதியான வீடுகளில் பரவியிருந்த மோகம் இது. ஐரோப்பாவில் அச்சான மாதிரிப் படப் புத்தகங்கள் கைமாறி வந்தன. உள்ளூர் ஓவியர்கள் அவற்றைப் பார்த்துத் தங்கள் கைக்கு வந்தபடி மாற்றி வரைந்தார்கள்.

செய்முறை எளிது, வேகமானது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைச் சூடாக வைத்துக்கொள்வார்கள். முதலில் சீமைச்சுண்ணாம்பு கலந்து வெள்ளைப் பூச்சு. அது காய்ந்ததும் காவி, மஞ்சள்மண், கரி, நீலம் என்று ஒவ்வொரு நிறத்தையும் பசையில் குழைத்துப் பூசுவார்கள். கடைசியில் கறுப்புக் கோடு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். எண்ணெய் இல்லை, மெருகு இல்லை; தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். நடப்பவர் காலடியில் ஒரு பலகைத் தடிமன்தான் காப்பு. மேல்வீட்டில் குடம் சாய்ந்தால் கீழ்வீட்டு மாதுளை அழியும் என்ற நிலையில் நானூறு ஆண்டுகள் இது தாக்குப்பிடித்திருப்பது வியப்பு. தாக்குப்பிடித்ததற்கு மோகம் மாறியதே காரணம். சுதை மச்சு நாகரிகமானதும் பழைய ஓவியத்தை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. அதற்குக் கீழே சட்டம் அடித்துச் சாந்து பூசி மூடிவிட்டார்கள். மூடியது காப்பாற்றியது. ஸ்காட்லாந்தின் வேறு பல ஓவிய மச்சுகளுக்கு 20-ஆம் நூற்றாண்டில் காப்பு என்ற பெயரில் மெழுகு பூசப்பட்டு, பிறகு அதைக் கரைத்து எடுப்பதே பெரும் வேலையானது. அக்கறையை விட அலட்சியம் சில சமயம் குறைந்த சேதம் செய்கிறது.

குடித்தனங்கள்

கிளெட்ஸ்டேன்ஸ் காலத்தில் வணிகர் ஜான் ரிட்டோக், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயப் போதகர் வில்லியம் ஸ்ட்ரூதர், சர் பட்டம் பெற்ற ஜேம்ஸ் கிரைட்டன், வணிகர் குழுவின் ஊழியர் ஜேம்ஸ் நிக்கல்சன் ஆகியோர் இந்தக் கட்டடத்தில் ஒட்டுக்குடித்தனம் இருந்தனர். பட்டம் பெற்றவரும் பணியாளரும் ஒரே சுழல்படியில் தோள் உரசி ஏறியிருக்கிறார்கள். பிற ஐரோப்பிய நகரங்களில் பணக்காரர் தெரு, ஏழையர் தெரு என்று தனித்தனியே பிரிந்ததை எடின்பரோ மாடிக்கு மாடி பிரித்தது. தெருவின் நாற்றமும் கூச்சலும் எட்டாத, ஆனால் படியேறிக் களைத்துப்போகாத நடுத்தளங்களுக்கு வாடகை அதிகம். கடையின் பின்னறைகளும் நிலவறைகளும் கூரையடிப் பரண்களும் மலிவு.

தண்ணீர் தெருக்கிணறுகளிலிருந்து தோளில் சுமந்துவரப்பட்டது. ஊருக்குக் குழாய்நீர் வந்ததே 1670-களில்தான், அதுவும் தெருமுனைத் தொட்டிகளுக்கு. கழிவு இரவு பத்து மணிக்குமேல் சன்னல் வழியாக இறங்கியது. கீழே போகிறவர்களை எச்சரிக்க 'கார்டிலூ' என்று ஒரு குரல். உச்சி மாடியிலிருந்து வந்த குரல் காதில் விழுவதற்குள் சரக்கே வந்துவிடும் என்பதால் வளைவு மண்டபத்துக்கு நடப்பவரிடையே நல்ல மதிப்பு இருந்திருக்கும்.

இந்த அடுக்கு வாழ்க்கை ஒரு சட்டத்தையும் பெற்றெடுத்தது. ஒரு கட்டடத்தின் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாக விற்கவும் வாங்கவும் ஸ்காட்லாந்தில் நெடுங்காலமாக வழியுண்டு. கீழ்த்தளத்துக்காரர் மேலே உள்ளவர்களைத் தாங்கும்படி தன் சுவரைக் காக்கவேண்டும். உச்சித்தளத்துக்காரர் கீழே உள்ளவர்களுக்காகவும் சேர்த்துக் கூரையைச் செப்பனிடவேண்டும். 1681-இல் வெளிவந்த ஸ்டெயர் பிரபுவின் சட்ட நூலிலேயே இந்தப் பரஸ்பரக் கடமை பேசப்படுகிறது. கூரைச் செலவெல்லாம் உச்சியிலிருக்கும் ஏழைத் தலையில் விழுவது எவ்வளவு அநியாயம் என்பதை உணர்ந்து பொதுச்செலவாக்கியது 2004-ஆம் ஆண்டுச் சட்டம். நடுவில் முந்நூறு ஆண்டுகள் ஒழுகிய கூரைகள் எத்தனையோ. அடுக்குமாடி வீட்டுச் சங்கக் கூட்டத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

சரிவு

1720-களில் வீட்டின் பின்பக்கம் ஜேம்ஸ் கோர்ட் என்ற புதிய முற்றக் குடியிருப்பு எழுந்தது. தத்துவவாதி டேவிட் ஹியூமும் பின்னர் எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் அங்கே வாழ்ந்தனர். 1773-இல் சாமுவேல் ஜான்சன் விருந்தாளியாக வந்து தங்கினார். பழைய நகரின் கடைசிப் பெருமை அது. 1767-இல் ஜேம்ஸ் கிரெய்கின் வரைபடப்படி ஏரிக்கு வடக்கே புதிய நகரம் தொடங்கியது. நேரான தெருக்கள், தனித்தனி வீடுகள், குடும்பத்துக்கு ஒரு வாசல். ஒரு தலைமுறைக்குள் வசதியுள்ளவர்கள் பாலம் தாண்டிப் போய்விட்டார்கள்.

விட்டுப்போன அறைகள் தட்டி வைத்துப் பிரிக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு என்றிருந்த தளத்தில் பலர் நெருக்கியடித்தார்கள். கிளாட்ஸ்டன்ஸ் லேண்டின் வளைவுகள் கடை முகப்புகளுக்குப் பின்னால் மறைந்தன. மண்டபத்தின் பொதுவழியும் வாடகை தரும் சதுர அடியாகிவிட்டது. 1861 நவம்பர் 24 அதிகாலையில் இதே தெருவின் கீழ்ப்பகுதியில் ஒரு பழைய அடுக்குவீடு சரிந்து 35 பேர் இறந்தனர். மறு ஆண்டு டாக்டர் ஹென்றி லிட்டில்ஜான் நகரின் முதல் சுகாதார அதிகாரியாக நியமிக்கப்பட்டார். அவருடைய 1865 அறிக்கை பழைய நகரின் நெரிசலைச் சந்து சந்தாகக் கணக்கெடுத்தது. 1867-இல் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மேம்பாடு என்றால் இடிப்பு. புதிய தெருக்களுக்காகப் பழைய வரிசைகள் முழுமையாகப் போயின. சுகாதாரக் காரணம் உண்மையானது. அதைக் குறைசொல்ல முடியாது. எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

மீட்பு

அந்தக் கேள்வியைக் கேட்டவர் பேட்ரிக் கெட்டிஸ். தாவரவியலாளர், நகர அமைப்புச் சிந்தனையாளர். 1880-களில் திருமணமான புதிதில் மனைவி அன்னாவுடன் ஜேம்ஸ் கோர்ட்டில், நகரமே ஒதுக்கிய குடியிருப்பில், குடியேறினார். சுவருக்கு வெள்ளையடித்தார், சன்னலில் பூத்தொட்டி வைத்தார், பக்கத்து வீட்டுக்காரர்களையும் வேலையில் இறக்கினார். லான்மார்க்கெட்டின் பழைய முற்றங்களைப் பழுதுபார்த்து மாணவர் விடுதிகளாக்கினார். நோயுள்ள இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, மிச்ச உடம்பை வாழவிடும் அறுவை சிகிச்சை என்பது அவர் கொள்கை. அருகிலேயே லேடி ஸ்டெயர் வீட்டை 1895-இல் ரோஸ்பரி பிரபு வாங்கிப் புதுப்பித்து 1907-இல் நகருக்குக் கொடுத்தார்.

கெட்டிஸின் அந்தக் கொள்கை சென்னைக்கும் வந்தது. ஆளுநர் பென்ட்லண்ட் அழைப்பின்பேரில் 1914-இல் கெட்டிஸ் புறப்பட்டபோது, அவருடைய நகரக் கண்காட்சியின் படங்களும் மாதிரிகளும் கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலில் தனியே வந்தன. சென்னையின் மீது குண்டு வீசிய அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய புதுப் படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. அந்த ஆண்டே சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் நேர்த்தெரு போடுவதற்காக வீடுகளை வாரி இடிப்பதற்கு மாற்றாக, இங்கொரு பாழ்வீடு அங்கொரு குட்டிச்சுவர் என்று அகற்றி வெளி உண்டாக்கலாம் என்று வரைந்து காட்டினார். லான்மார்க்கெட்டில் கற்ற பாடம் அது.

கண்காட்சி வேலைகளில் கெட்டிஸுக்கு வலக்கையாக இருந்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் மியர்ஸ் 1915-இல் அவர் மகள் நோராவை மணந்தார். கிளாட்ஸ்டன்ஸ் லேண்டைக் கடைசியில் கையிலெடுத்தவர் அந்த மருமகன்தான். 1934-இல் வீடு வாழத் தகுதியற்றது என்று தீர்ப்பாகி இடிப்புக்குக் காத்திருந்தது. ஹெலன் ஹாரிசன் என்ற பெண்மணி சொந்தப் பணத்தில் அதை வாங்கி, மூன்று ஆண்டுகளுக்கு முன் 1931-இல் தொடங்கப்பட்டிருந்த தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். மியர்ஸின் ஆட்கள் கடை முகப்பின் பலகைகளை அகற்றியபோது பின்னால் 17-ஆம் நூற்றாண்டின் வளைவுகள் நின்றன. சாந்து மச்சைப் பெயர்த்தபோது ஓவியங்கள் வெளிப்பட்டன. வீட்டை வாங்கியவருக்கு இவை இருப்பதே தெரியாது. ஒரு பழைய கல்வீடு என்பதற்காக மட்டும் வாங்கினார்.

பல ஆண்டுகள் சால்டயர் சங்கம் என்ற பண்பாட்டு அமைப்பு இங்கே இயங்கியது. 1970-களின் இறுதியில் இரண்டாம் கட்டச் சீரமைப்பு நடந்து, 1980-இல் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அப்போது 1620-ஐ ஒட்டிய வணிகர் வீடாக அறைகள் அலங்கரிக்கப்பட்டன. கட்டில், பேழை, பாத்திரம் எல்லாம் அக்காலத்தவையோ அந்தப் பாணியில் அமைந்தவையோ. பெரும்பாலும் வேறிடங்களிலிருந்து திரட்டியவை, இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவையல்ல. 2021-இல் முடிந்த புதிய ஏற்பாடு இதை மாற்றியது. 17-ஆம் நூற்றாண்டு வணிகரோடு 18-ஆம் நூற்றாண்டுத் துணிக்கடையும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வாடகை விடுதியும் தளத்துக்கு ஒன்றாக இடம்பெற்றன. இந்த வீட்டுக்கு இதுவே பொருத்தம். ஒரே ஆண்டில் உறைய வைத்த வீட்டில், பிற்காலத்தில் இங்கே வாழ்ந்து தேய்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு இடமே இல்லாமல் போயிருந்தது.

பாதுகாப்பு

'ஏ' வகுப்பு என்றால் ஒரு காலத்துக்கோ பாணிக்கோ கட்டட வகைக்கோ தலைசிறந்த எடுத்துக்காட்டு என்று பொருள். வெளித்தோற்றத்தில் மட்டுமன்றி உள்ளேயும், அதன் தன்மை மாறும்படி ஒன்றைச் செய்ய அனுமதி வேண்டும். 1995-இல் எடின்பரோவின் பழைய, புதிய நகரங்கள் இரண்டும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபிடமானபோது இந்த வீடும் அந்த எல்லைக்குள் வந்தது.

சட்டத்தை விடக் கடினமானது கல்லைக் காப்பது. மணற்கல் தண்ணீரை உறிஞ்சி, இணைப்புகளில் உள்ள சுண்ணாம்புச் சாந்து வழியே மெல்ல வெளியேற்றும். சுண்ணாம்பு கல்லைவிட மென்மையானது; தேய்வது அதுதான், கல் தப்பும். 20-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து முழுவதும் பழைய வீடுகளின் இணைப்புகளைச் சிமென்டால் அடைத்தார்கள். வெளியே வர வழியில்லாத ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கிப் பனிக்காலத்தில் உறைந்து விரிந்தது; சாந்து நின்றது, கல் உதிர்ந்தது. நிலக்கரிப் புகையால் கறுத்த முகப்புகளை மணல் பீய்ச்சியும் அமிலம் தெளித்தும் வெளுக்க வைத்த காலமும் ஒன்று வந்தது. கறையோடு கல்லின் மேல்தோலும் போனது. இன்று மரபுக் கட்டடங்களில் சுண்ணாம்புக்கே திரும்பிவிட்டார்கள். அதைக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்தான் அரிது.

மேல்தளங்கள் சில இப்போது விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. அந்த வருமானம் வீட்டின் பராமரிப்புக்கு உதவுகிறது. தங்க வருபவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுழல்படியில்தான் ஏறவேண்டும்.